உண்ணிச்செடியை வேரோடு ஒழிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம். தாளவாடிப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டின் வேலியோரம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. மூன்று முறை வெட்டியாயிற்று. ஒரு மழை போதும், கட்டையிலிருந்து கொத்தாகத் துளிர்த்துவிடுகிறது. அதோடு விட்டால் சரி, சின்னான் குருவிகள் கறுத்த பழத்தைத் தின்றுவிட்டு வேப்பமரத்தில் உட்கார்ந்து எச்சமிடுகின்றன. மரத்தடியில் எண்ணினேன், 27 கன்றுகள்!

அந்தப் பழத்தைச் சின்ன வயதில் நாங்களும் பறித்துத் தின்றவர்கள்தான். பச்சைக் காய்தான் விஷம். போன வாரம் அக்கா மகன், நாலு வயசு, காயை மென்றுவிட்டு வாந்தியும் பேதியுமாகத் துவண்டுபோனான். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வந்தான். ஆடுமாடு தழையை மேய்ந்தாலும் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடித்து உரியும்.

தரைக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால் துளிர்க்காது என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? மழைக்கு முன்பா, பின்பா? வெறும் இடத்தில் அப்புறம் என்ன விதைப்பது? களைக்கொல்லி மட்டும் வேண்டாம், பக்கத்திலேயே கிணறு. உண்ணிக்குச்சியில் நாற்காலி, கூடை செய்பவர்களைத் தெரிந்தாலும் சொல்லுங்கள், வண்டி வைத்து அள்ளிக்கொள்ளட்டும்.