ஊர்ப் போர் நினைவுக்கல்லைச் செப்பனிட வழிகாட்டுங்கள்

குழு அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில், 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு (முதல் உலகப் போருக்கு) இவ்வூரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், அவர்களில் எத்தனை பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சலவைக்கல் பலகை ஒன்று இருக்கிறது. (சண்டை 1918இல் ஓய்ந்தாலும் வெர்சாய் உடன்படிக்கை 1919இல்தான் கையெழுத்தானது என்பதால், அக்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் அந்த ஆண்டே காணப்படும்.) எண்ணிக்கை மட்டுமே உண்டு, ஒருவர் பெயரும் இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் சுவரைப் பழுதுபார்த்தவர்கள் பழைய சுண்ணாம்புக் காரையைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் பூசினார்கள். எழுத்துகளின் மேல் எனாமல் பெயிண்டும் அடித்தார்கள். சிமெண்ட் ஈரத்தை எளிதில் வெளியே விடாததால் அது கல்லின் வழியே கசிந்து, உப்புப் பூத்து, ஓரங்கள் மாவாக உதிர்கின்றன. சலவைக்கல் அமிலம் பட்டால் கரையும். ஆகவே ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்ற யோசனையையும் கம்பி பிரஷ்ஷையும் இப்போதைக்குத் தடுத்து வைத்திருக்கிறோம்.

கல்லைச் சுரண்டாமல் பெயிண்டை அகற்றிய அனுபவம் உள்ளவர்கள் முறையைத் தெரிவியுங்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார் எவரேனும் மதுரைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் மாண்டவர்களின் தந்தை பெயரும் ஊரும் சில இடங்களில் குறிக்கப்பட்டிருப்பதால், எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்கள் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் எப்படியெல்லாம் திரிந்திருக்கும் என்று அறிந்தவர்கள் துணைநின்றால், அந்த எண்ணிக்கைக்குள் இருப்பவர்கள் சிலரின் பெயரையாவது மீட்க முயலலாம். மழைக்காலத்துக்கு முன் வேலையைத் தொடங்க எண்ணியிருக்கிறோம்.