மணல் சரிந்ததை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கடலோரன்:
நாகப்பட்டினம் பக்கம் குழாய் பதிக்கும் வேலை. ஏழடிப் பள்ளம், முழுக்கக் கடல் மணல். காலையில் பொக்லைன் தோண்டியபோது சுவர் கத்தியால் வெட்டினாற்போல் செங்குத்தாக நின்றது. சுவர் சரியாமல் தாங்க முட்டு எதுவும் கொடுக்கவில்லை. வெயில் ஏறியதும் மேல் விளிம்பு வெளுத்து, ஓரிடத்தில் மட்டும் மெல்லிசாக மணல் உதிர ஆரம்பித்தது. உள்ளே நின்றவர் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குள் இடுப்பு வரை மண். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தோம், அசையவே இல்லை. "அண்ணே இழுக்காதீங்க, கால் பிஞ்சிடும்" என்று கத்தினார். கையால் பறித்துத்தான் எடுத்தோம். பிழைத்துவிட்டார். காலையில் அப்படி நின்ற சுவர் ஏன் சரிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தோட்டத்துவீடு:
சுவருக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

உறைகிணறு:
எங்களுக்குத் தண்ணீராலேயே வந்தது வினை. கொள்ளிடக் கரையில் கிணற்றுக்கு வட்ட உறை இறக்கும்போது ஊறிய நீரை மோட்டார் போட்டு இறைத்தார்கள். திடீரென்று அடியிலிருந்து மணல் கொப்பளித்து மேலே வந்தது. அள்ள அள்ளக் குறையவில்லை. வெளியே பார்த்தால் கிணற்றைச் சுற்றித் தரை உள்வாங்கி, வேப்பமரம் சாய ஆரம்பித்துவிட்டது. வயதான கொத்தனார் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தி, கிணற்றில் தண்ணீர் ஏறும்படி விட்டார். மணல் அடங்கியது. அப்புறம் தண்ணீருக்குள்ளேயே மண்ணை அள்ளி உறையை இறக்கினார்கள்.

சைட்டுக்காரன்:
@தோட்டத்துவீடு, தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். கொஞ்சம் ஈரம் இருந்தால் மணல் துகள்களுக்கு இடையே உள்ள நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் காலையில் சுவர் நின்றது. காய்ந்தால் அந்தப் பிடி போய்விடும், நீர் நிறைந்தாலும் போய்விடும். எவ்வளவு தெளித்தால் போதும் என்று பள்ளத்து மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது. உலர்ந்த மணல் ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி சரிவில்தான் தங்கும். ஒரு கன மீட்டர் மணல் ஒன்றரை டன் இருக்கும். நெஞ்சுக்கு மேல் ஏறினால் மூச்சு விடவே இடம் கொடுக்காது. 1.5 மீட்டருக்கு மேல் போனால் முட்டு கொடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் சுவரைச் சரிவாக வெட்ட வேண்டும். அள்ளிய மண்ணை விளிம்பில் குவிக்கக் கூடாது, வண்டியைப் பக்கத்தில் நிறுத்தக் கூடாது, ஏணி எப்போதும் உள்ளேயே இருக்க வேண்டும். ஒருவர் மாட்டிக்கொண்டால் கயிறு கட்டி இழுக்காதீர்கள், பொக்லைனை உள்ளே விடாதீர்கள், கூட்டத்தை விளிம்பிலிருந்து விலக்குங்கள். கையால்தான் பறிக்க வேண்டும். நான் பார்த்தது கடற்கரையில் பிள்ளைகள் தோண்டிய குழி. விளிம்பில் ஒரு பையன் உட்கார்ந்தான், குழி மூடிக்கொண்டது. உள்ளே இருந்த தங்கையின் தலை மட்டும் வெளியே தெரிந்ததால் காப்பாற்ற முடிந்தது.

காந்திதாம்வாசி:
2001 ஜனவரி 26 காலை. குஜராத் நிலநடுக்கம் நின்ற பிறகும் காண்ட்லா துறைமுகம் போகிற வழியில் தரைப் பிளவுகளில் சாம்பல் நிறத் தண்ணீரும் மணலும் ஊறிக்கொண்டிருந்தன. உறைகிணறு சொன்ன அதே கொப்பளிப்பு, கிணறே இல்லாமல், வெட்டவெளியில். நீர் தேங்கிய தளர்ந்த மணல் குலுங்கும்போது துகள்கள் நெருங்கப் பார்க்கும், இடையிலிருக்கும் நீருக்கு வெளியேற வழி கிடைக்காது. பாரத்தை நீர் தாங்க ஆரம்பித்ததும் தரை குழம்பாகிவிடும் என்று பிறகு ஒரு பேராசிரியர் விளக்கினார். துறைமுகத்தில் 22 மீட்டர் உயர அலுவலகக் கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். இவ்வளவுக்கும் அது ஆழமான கான்கிரீட் தூண்கள்மேல் கட்டியது.

கடலோரன்:
@சைட்டுக்காரன், அள்ளிய மண் விளிம்பை ஒட்டித்தான் குவிந்து கிடந்தது, பொக்லைனும் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. அதே தெருவில் அடுத்த பகுதி வேலை தொடங்கப் போகிறது. ஒப்பந்தக்காரரிடம் முட்டு கேட்டால் சவுக்குக் கம்பு போதும் என்கிறார். ஏழடிக் கடல் மணலுக்கு அது தாங்குமா? பலகை என்ன கனத்தில் இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.