நெல் தாள் எரிப்புக்கு அபராதம் கூட்டினால் டெல்லிக் காற்று சரியாகுமா?

யமுனைக்கரையான்:
2024 நவம்பரில், நெல் அறுத்தபின் வயலில் நிற்கும் தாளை எரிப்பதற்கான அபராதத்தை மத்திய அரசு இரட்டிப்பாக்கியது. 2 ஏக்கருக்குள் 5,000 ரூபாய், 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. இதுவே குறைவு என்பேன். தீபாவளி முடிந்த கையோடு எங்கள் வீட்டு மேசைக்கு நெபுலைசர் வந்துவிடும். ஏழு வயது மகள் ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். பஞ்சாபில் நெருப்பு வைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

வரப்பு:
குழந்தைக்குச் சீக்கிரம் குணமாகட்டும் சார். நான் லூதியானா பக்கம் நான்கு வருடம் விவசாயக் கருவி விற்றவன். நிலத்தடி நீர் வற்றுகிறதென்று 2009இல் பஞ்சாப் ஒரு சட்டம் போட்டது: ஜூன் 10க்கு முன் நெல் நடவு கூடாது. தண்ணீருக்கு அது நல்ல சட்டம்தான். ஆனால் அறுவடை அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. நவம்பர் நடுவில் கோதுமை விதைத்தாக வேண்டும். இடையில் இரண்டு, மூன்று வாரம்தான். காற்றும் அடங்கிப்போகும் காலம் அது, புகை கலையாமல் தங்கிவிடுகிறது. கம்பைன் என்ற அறுவடை இயந்திரம் அறுத்த வயலில் முழங்கால் உயரத் தாள், அதன்மேல் சிதறிய வைக்கோல். சாதாரண விதைக்கருவியை இறக்கினால் சிக்கிக்கொள்ளும். தீக்குச்சிக்குச் செலவே இல்லை.

டெல்டாக்காரி:
எங்கள் ஊரில் வைக்கோலைக் கட்டு கட்டி விற்கிறோமே, அங்கே மாடு தின்னாதா அண்ணா?

வரப்பு:
அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல்தான்மா. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். பாசுமதி வைக்கோல் கொஞ்சம் போகும்.

யமுனைக்கரையான்:
சரி, அவகாசம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018 முதல் ஹேப்பி சீடருக்குப் பாதி விலை மானியம், கூட்டுறவுச் சங்கங்களுக்கு 80 சதவீதம். தாளை வெட்டி, கோதுமையை விதைத்து, வைக்கோலை மூடாக்காகப் பரப்பிவிடும் கருவி அது. பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே எரிப்பைத் தடை செய்தது. இன்னும் எத்தனை வருடம் நாங்கள் பொறுக்க வேண்டும்?

வரப்பு:
அதை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும் சார். 3 ஏக்கர்காரரிடம் ஏது? வாடகைக்கு முறை வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். 2019இல் உச்ச நீதிமன்றம், எரிக்காதவர்களுக்குக் குவிண்டால் நெல்லுக்கு 100 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அதை வருடா வருடம், அறுவடைக்கு முன்பே கொடுங்கள். பூசா 44 நெல் ரகத்தை விட ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாக முற்றும் பிஆர் 126 என்ற ரகம் இருக்கிறது. மகசூல் சற்றுக் குறையும், அந்த நஷ்டத்தை அரசு ஏற்கட்டும்.

யமுனைக்கரையான்:
ரகத்தை மாற்றலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. 3 ஏக்கர்காரருக்குக் கருவி முறை வரும்வரை அபராதம் வேண்டாம், விட்டுத்தருகிறேன். சொந்த டிராக்டர் வைத்துக்கொண்டு 20 ஏக்கரைக் கொளுத்துபவரிடம் 30,000 வாங்கத்தான் வேண்டும். அதில் ஒரு ரூபாய் குறைக்கவும் சம்மதிக்க மாட்டேன்.