எருமைக் கெடா பொழுது சாய்ந்தால் தொட்டியில் முட்டுகிறது, அவசரம்

பட்டிக்காரன்: ரெண்டு கெடாக் கன்றுகள். பகலில் நன்றாக இருக்கின்றன. மசமசவென்று இருட்டும்போது கட்டுத்தரைக்கு ஓட்டி வந்தால் தண்ணித் தொட்டியில் போய் முட்டுகின்றன. கண்ணில் நீர் வேறு. என்ன மருந்து? சீக்கிரம் சொல்லுங்க.

மேட்டாங்காடு: வயசு என்ன, தீவனம் என்ன? பச்சை போடுறீங்களா?

சந்தைமாமா: கண்பூச்சிதான் தம்பி. இமையைத் தூக்கிப் பாருங்க, வெள்ளை நூலாக நெளியும்.

செவலை: கண்பூச்சிக்கு பகல், ராத்திரி எல்லாம் தெரியுமா மாமா? தீவனத்தைச் சொல்லுங்க முதலில்.

பட்டிக்காரன்: 18 மாசம். காய்ந்த வைக்கோல், தவிடு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு. பச்சையும் வைட்டமின் பொடியும் நிறுத்திவிட்டேன். வைட்டமின் ஏ குறைந்தால் கறிக்குள் கொழுப்பு விழும் என்று ஜப்பானின் வாக்யூ என்ற கறி மாட்டு இனத்தைப் பற்றிய வீடியோவில் பார்த்தேன்.

தீவனப்புலி: இதை முதலிலேயே எழுதினால் என்னவாம்? வருஷத்துக்கு ஒருத்தர் இந்த வீடியோவோடு வருகிறார். ஜப்பானில் குறைப்பது உண்மைதான். வைட்டமின் ஏ கொழுப்பு செல் உருவாவதைத் தடுக்கும். ஆனால் கொழுக்க வைக்கும் காலத்தின் நடுவில் மட்டும், ரத்தம் எடுத்து அளவு பார்த்துத்தான் குறைப்பார்கள். மீறினால் மாலைக்கண், மூட்டு வீக்கம், தீனி எடுக்காது. கறி மாட்டுத் தீவனத்தில் உலர் எடை கிலோவுக்கு வைட்டமின் ஏ 2,200 ஐயூ (வைட்டமின் அளக்கும் அலகு) வேண்டும். வாக்யூவுக்குக் கொழுப்பு விழுவது முதலில் பரம்பரை வழி. உங்கள் கெடாவுக்கு எங்கிருந்து விழும்? இன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்க.

சந்தைமாமா: பச்சை போட்டால் கொழுப்பு மஞ்சளாகும். கேரளா வியாபாரி விலையைக் குறைப்பான்.

செவலை: அது மாட்டுக்கு. எருமை கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும். எருமைப் பால் வெள்ளையாக இருப்பதைப் பார்த்ததில்லையா?

சந்தைமாமா: முப்பது வருஷமாகச் சந்தையில் நிற்கிறேன், எனக்கே பாடமா?

மேட்டாங்காடு: கறி நிறத்துக்கு வைட்டமின் ஈ கொடுக்கலாமே? வெட்டுக்கு முன் சுமார் 100 நாள், தினம் 500 ஐயூ. சீக்கிரம் பழுப்பாகாது.

தீவனப்புலி: தட்டில் வைத்து பிளாஸ்டிக் சுற்றி நாள்கணக்கில் விற்கிற சூப்பர் மார்க்கெட்டுக்கு அது. நம்மூரில் காலையில் வெட்டியது மத்தியானம் தீர்ந்துவிடும். யாருக்கு அந்தச் செலவு?

மேட்டாங்காடு: ஏற்றுமதிக்குப் போகிறதே?

தீவனப்புலி: அதை உறைய வைத்துத்தானே அனுப்புகிறார்கள்!

பட்டிக்காரன்: டாக்டர் வந்து வைட்டமின் ஏ ஊசி போட்டார். கோ-4 தீவனப் புல் வெட்டிப் போடுகிறேன். பெரியது தேறிவிட்டது, சின்னது இன்னும் தடுமாறுகிறது. நன்றி.

செவலை: ஊசி எத்தனை மில்லி? மறுபடி எப்போது போடச் சொன்னார்?

சந்தைமாமா: எதற்கும் இமையைத் தூக்கிப் பாருங்க தம்பி.