நன்கொடை ஏற்பு விதிகள்: மாதிரி வாசகம் தந்து உதவுங்கள்

ஆய்வுக்கூடத்துக்கான நன்கொடை விதிகளைத் திருத்தி எழுதுகிறோம். பெயர் மறைத்து வரும் கொடைதான் பெரிய ஓட்டை. அமெரிக்க நிதியாளர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் சிறுமி தொடர்பான பாலியல் குற்றத்துக்காக 2008இல் தண்டனை பெற்ற பிறகும் எம்ஐடி பல்கலைக்கழகம் அவரிடம் பணம் வாங்கியது. அதில் சில, பெயரில்லாமல் பதிவாயின. ஹார்வர்டு 2008க்குப் பின் அவர் பணத்தை ஏற்கவில்லை. ஆனாலும் 2010 முதல் 2018 வரை 40 தடவைக்கு மேல் அங்குள்ள ஓர் ஆய்வு மையத்துக்கு வந்துபோனார் என்கிறது அவர்களுடைய 2020 அறிக்கை. ஆகவே நுழைவு அட்டை, வருகையாளர் பதவி, இணையப் பக்கத்தில் பெயர் எல்லாமே விதிக்குள் வரவேண்டும்.

இரண்டு இடத்தில் திணறுகிறோம். வேறொருவர் வழியாக வரும் பணத்தின் உண்மையான மூலத்தை எழுத்தில் கேட்டு வாங்கும் வாசகம் எப்படி இருக்கவேண்டும்? பாதி செலவான பிறகு கொடையாளர்மேல் குற்றம் நிரூபணமானால், மாணவர் உதவித்தொகை நிற்காமல் மீதியை எப்படிக் கையாள்வது? நடைமுறையில் உள்ள விதி யாரிடமாவது இருந்தால் அந்தப் பத்தியை மட்டுமாவது பகிருங்கள்.