புதுப்பிப்பு: கிரீம் இல்லாத ஓவன் உருளைக்கிழங்கு, இரண்டாம் முயற்சி

அம்மாவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதால், கிரீமும் வெண்ணெயும் இல்லாமல் ஓவனில் உருளைக்கிழங்கைக் குழைவாகச் செய்ய வழி கேட்டிருந்தேன். முதல் முறை தயிரை அப்படியே ஊற்றியதில் திரிந்து நீர்த்துப்போனது.

ஞாயிறன்று மறுபடி செய்தேன். வந்துவிட்டது! அரைக் கிலோ கிழங்கை மெல்லிய வில்லைகளாக நறுக்கினேன். நறுக்கியபின் கழுவவே கூடாது. அந்த மாவுச்சத்துதான் பாலைக் கெட்டியாக்குகிறது. கொழுப்பு நீக்கிய பால் 300 மில்லியில் பூண்டு தட்டிப் போட்டு, வில்லைகளைப் பத்து நிமிடம் வேகவிட்டேன். சூடு தணிந்ததும், ஒரு தேக்கரண்டி சோள மாவு கலந்த கெட்டித் தயிரைச் சேர்த்தேன். மாவு இருந்தால் தயிர் எளிதில் திரியாது. பிறகு எல்லாவற்றையும் அடுக்கி, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம்.

இதற்கு மணமூட்ட தைம் என்ற மேற்கத்திய மூலிகை இலை தேடி வண்ணாரப்பேட்டை முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை. பெரம்பூரில் எங்கள் மாடித் தொட்டியிலிருந்த ஓமவல்லியே கைகொடுத்தது. தைமுக்கு மணம் தரும் தைமால் என்ற வேதிப்பொருள் இதிலும் உண்டு. காரம் கூடுதல் என்பதால் மூன்று இலைகள் போதும். பொடியாக நறுக்கி, கொத்தமல்லித் தண்டுடன் அடுக்குகளுக்கு நடுவே தூவுங்கள்.

பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது, “ஜாதிக்காய் ஒரு சிட்டிகை துருவிப் பார், மகளே” என்றார். அடுத்த ஞாயிறு அதையும் சேர்க்கப்போகிறேன். அம்மா இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.