வாட்டர்லூ நடந்த அந்த மூன்று நாளும் என் நாயகி என்ன செய்வாள்?

கேள்வி:
1815 ஜூனில் பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினான்கு அத்தியாயங்கள் தடையில்லாமல் வந்தன. ஜூன் 15 இரவு, ரிச்மண்ட் சீமாட்டியின் நடன விருந்து. நான்கு மாதமாக மனதில் வைத்திருந்ததை இருவரும் சொல்ல வாய் திறக்கும் நேரத்தில் நெப்போலியன் நெருங்கிவிட்ட செய்தி வருகிறது. அவன் படைக்குக் கிளம்பிவிடுகிறான். அங்கேயே என் பேனாவும் நின்றுவிட்டது.

16ஆம் தேதி காட்ர் ப்ராவில் சண்டை, 18ஆம் தேதி வாட்டர்லூவில். அவன் பின்னால் போனால் நாவல் வெறும் போர்க்கதையாகிவிடுகிறது. அவளோடு இருந்தால், ஜன்னலோரம் உட்கார்ந்து அழுகிறாள் என்பதைத் தவிர எதுவும் தோன்றவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை, முதல் அத்தியாயத்திலேயே அத்தையை எதிர்த்துப் பேசியவள். மூன்று இரவாக ஒரே பக்கத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். பேசாமல் அவளை லண்டனுக்கு அனுப்பிவிடட்டுமா?

பதில் 1:
தயவுசெய்து அனுப்பாதீர்கள். நெப்போலியனைத் தோற்கடித்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் வெற்றி அறிக்கையோடு மேஜர் பெர்சி லண்டன் போய்ச் சேர்ந்ததே 21ஆம் தேதி இரவில்தான். பிரஸ்ஸல்ஸில் இருந்தால் அவளுக்குப் பீரங்கிச் சத்தமே கேட்கும். பிரெஞ்சுக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று வதந்தி, துறைமுக நகரான ஆண்ட்வெர்ப்புக்கு ஓடக் குதிரை கிடைக்காமல் அல்லாட்டம், அப்புறம் வண்டி வண்டியாகக் காயம்பட்டவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களைத் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் ஒருவன் தண்ணீர் கேட்டுக் கிடக்கும்போது உங்கள் நாயகி ஜன்னலோரமா உட்கார்ந்திருப்பாள்?

ஒன்று கேட்க வேண்டும். அவன் எந்த ரெஜிமெண்ட்? பிரிட்டிஷ் காலாட்படையில் பெரும்பாலோர் சிவப்புக் கோட்டுதான், ஆனால் காலரும் கைப்பட்டையும் ரெஜிமெண்டுக்கு ரெஜிமெண்ட் வேறு நிறம். ஒவ்வொரு வண்டியிலும் அவள் கண் முதலில் தேடப்போவது அந்த நிறத்தைத்தான்.

பதில் 2:
மக்தலீன் டி லான்சியைப் பற்றிப் படித்திருக்கிறீர்களா? 1815 ஏப்ரலில்தான் கல்யாணம். கணவர் வெலிங்டனின் தலைமை அலுவலர்களில் ஒருவர். போர் தொடங்கியதும் மனைவியை ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பிவிட்டார். சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னல்களை மூடி வைத்தும், தொலைவில் கடல் உருள்வதுபோல் ஓர் ஓசை கேட்டுக்கொண்டே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். முதலில் கணவர் நலம் என்றார்கள். பிறகு பலத்த காயம், இறந்துவிட்டார் என்றார்கள். கடைசியில் அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்து, போர்க்களத்தை ஒட்டிய ஒரு குடிசைக்கு மக்தலீன் போய்ச் சேர்ந்தார். ஜூன் 26இல் கணவர் இறக்கும்வரை அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. போரின்போது பெண்ணுக்குக் கதை இல்லை என்று இனி யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. லண்டன் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. நாயகனை ஸ்காட்லாந்துக்காரர்களின் 92ஆம் ரெஜிமெண்டில் சேர்த்துவிட்டேன். அன்றைய விருந்தில் அந்தப் படை வீரர்கள் ரீல் என்ற தங்கள் ஊர் நடனம் ஆடினார்கள், மறுநாளே காட்ர் ப்ராவில் சண்டையிட்டார்கள். அவர்களுக்கு மஞ்சள் காலர். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவள் முதல் வண்டியில் ஏறுகிறாள். எல்லாக் காலரும் சேற்றிலும் ரத்தத்திலும் ஒரே நிறமாகக் கிடக்கின்றன. பதினைந்தாம் அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கிவிட்டேன்.